பங்குனியில் ஒரு கத்தரிக்கோல்

சென்னையில் வசந்த காலம் எத்தனை நாள் தெரியுமா? 'சித்திரை, வைகாசி இளவேனில்' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவன்தான் நானும். அந்தப் பாடத்தை எழுதியவர் சித்திரை மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மடிப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்க மாட்டார். என் கணக்கில் இங்கே வசந்தம் மூணே வாரம். மாசிப் பனி விலகியதில் தொடங்கி, ஃபேனை ஐந்தில் வைத்தும் தூக்கம் வராத முதல் ராத்திரி வரைக்கும். தோட்டத்துக்குக் கோடை வருமுன் செய்ய வேண்டியதை அதற்குள் செய்து முடித்துவிட வேண்டும்.

இப்படியெல்லாம் எனக்குச் சொன்னவர் அப்பா. போன கார்த்திகையில் அவர் இறந்துபோனார்.

தோட்டம் என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். மொத்தமே ஒரு கிரவுண்ட் மனை. வீடு போக மிஞ்சிய இடம்தான். வாசலில் ஒரு வேம்பு. பின்னால் கிணற்றடியில் வாழை, எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி. சமையலறை ஜன்னலுக்குக் கீழே நாலு குண்டுமல்லிச் செடி. மதிலோரம் ஒரு முருங்கை. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் பழைய முருங்கை வேரோடு சாய்ந்தது. அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை. விழுந்த மரத்திலேயே கை கனத்துக்கு ஒரு போத்து வெட்டி, அதே இடத்தில் நட்டு, நுனியில் ஒரு பிடி சாணியை அப்பிவிட்டு உள்ளே வந்து காபி கேட்டார். இப்போது காய்ப்பது அந்த மரம்தான்.

நான் பி.காம். 'டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட்' என்று படித்தவன். பத்திரிகை வேலைக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. 2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, தெருவுக்குத் தெரு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்துக் கிடந்தோமே, அந்தக் கோடை. எங்கள் கிணறும் கைவிட்டது. அப்பா அரிசி களைந்த தண்ணீர், கீரை அலசிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர் என்று பக்கெட் பக்கெட்டாகச் சேர்த்துச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எரு, வேப்பம் புண்ணாக்கு, ஆள் கூலி, லாரித் தண்ணீரில் செடிக்குப் போன பங்கு எல்லாவற்றையும் போட்டு, 'நம்ம வீட்டு எலுமிச்சம்பழம் ஒண்ணு 22 ரூபாய் அடக்கமாகுதுப்பா. கடையில அஞ்சு ரூபாய்தான்' என்று தாளை நீட்டினேன்.

அவரும் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். 'கூட்டல்ல தப்பு இருக்கு. சரியாப் போட்டா 24 வரும்' என்று சொல்லிவிட்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனுஷன் இல்லாத முதல் பங்குனி இது.

ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். காலை ஆறரைக்குள் தண்ணீர் பாய்ச்சினேன். வாழை, எலுமிச்சையின் வேர்ப்பகுதியில் தேங்காய் மட்டையையும் சருகையும் பரப்பி ஈரம் ஓடாமல் மூடினேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, பவுடர் பூசின மாதிரி நுனியெல்லாம் வெள்ளை. ஹோஸ் பைப்பை விரலால் அடைத்துப் பீய்ச்சி அடித்ததில் பாதி போனது. மீதிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு சிலந்தி வலை, நார், சருகு எல்லாம் கோத்துக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. 'அந்தக் கம்பியில இனிமே துணி போடாதீங்க' என்று என் மகள் பேப்பரில் எழுதி மாடிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

வேப்பம்பூதான் பெரிய வேலை. பெரிய சுகமும் அதுதான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட வேண்டும். விடிகாலையில் போனால் வேட்டி முழுக்க வெளிறிய சின்னச் சின்னப் பூ. அந்த வாசனையில் கசப்பு இருக்கிறதா, தேன் இருக்கிறதா என்று நாற்பது வயதைத் தாண்டியும் என்னால் சொல்ல முடியவில்லை. வெயில் ஏறுமுன் வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு முந்திக்கொள்ளும். சுள்ளி, இலை நீக்கி முறத்தில் காயவைத்தால், வேட்டி நிறைய இருந்தது மூணாம் நாள் ஒரு கைப்பிடிதான். இந்த மாதிரி சுருங்கும் சரக்கை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

'இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாதுடா. யாருக்கு இவ்வளவு?' என்றார் அம்மா. அது எனக்கு மறந்தே போயிருந்தது. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லையே. பாதியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்தேன். சித்திரை ஒண்ணாம் தேதி காலையில் மாமி ஒரு கிண்ணம் மாங்காய்ப் பச்சடி கொண்டுவந்து, 'உங்க வீட்டுப் பூ போட்டதுதான்' என்று மேஜையில் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

சரி, மல்லிக்கு வருகிறேன்.

ஒவ்வொரு பங்குனியிலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு ஜன்னலுக்குக் கீழே நிற்பார். மொட்டு பறித்து உள்ளே நீட்டுவார். அம்மா வாங்கிக் கட்டுவார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். இந்த வருஷம் பங்குனி பிறந்து பத்து நாளாகியும் நாலு செடியிலும் ஒரு மொட்டு இல்லை. இலை மட்டும் காடாக மண்டிக் கிடந்தது. எருவைக் கூட்டினேன். இலைதான் கூடியது.

எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் கூடையோடு ஒரு பூக்காரம்மா வருவார். திருவள்ளூர்ப் பக்கம். முன்னெல்லாம் எங்கள் கேட்டில் நின்று 'அம்மா, பூ' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார். கார்த்திகைக்குப் பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சத்தமில்லாமல் போகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கூப்பிட்டு, மகளுக்கு ரெண்டு முழம் வாங்கிக்கொண்டு, செடியைக் காட்டினேன்.

'கார்த்திகையில கவாத்து பண்ணலியா சார்?'

'இல்லைம்மா.'

அவர் மேலே கேட்கவில்லை. கார்த்திகையில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

'பழைய கொம்புல பூ வராது சார். புதுசா துளிர் விட்டாத்தான் அதுல மொட்டு நிக்கும். முழங்கால் உசரத்துக்கு வெட்டறதெல்லாம் கார்த்திகையில. இப்ப அப்படி வெட்டுனா வெயில்ல காஞ்சிடும். காஞ்ச குச்சிய எடுத்துட்டு, நுனியில ஒரு சாண் வெட்டு. பழைய இலைய உருவிடு. எரு வெச்சு தண்ணி காட்டு. வரும்.'

மறுநாள் அப்பாவின் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பெரிய கைப்பிடி வைத்த பழைய கத்தரி. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. மூணாவது செடியில் இருக்கும்போது ஜன்னலில் அம்மா.

'டேய்... என்னடா பண்றே? அவர் வெச்ச செடிடா அது!'

சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. 'பூத்தா என்ன, பூக்காட்டி என்ன. நானா வெச்சுக்கப் போறேன்? அதை ஏன் போட்டு இப்படி மொட்டை அடிக்கிறே?' ஜன்னல் கதவு சாத்தப்பட்டது. இலையெல்லாம் உருவிய நாலு செடியும் குச்சி குச்சியாக நின்றன. நாலாயிரம் ரூபாய் செக்கில் ஒரு சைபர் கூடப் போட்டுவிட்டவன் மாதிரி நின்றேன் நான். ராத்திரி சாப்பாடு மேஜைக்கு வந்தது, அம்மா வரவில்லை.

எரு மூட்டைக்குப் பின்னால், ஷெட்டின் ஆணியில், பில் குத்தும் கம்பி ஒன்று தொங்கும். மளிகை ரசீது என்று நினைத்து நான் தொட்டதே இல்லை. அன்று எடுத்துப் பார்த்தால், தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அப்பாவின் கையெழுத்து. 'மல்லி முதல் மொட்டு.' 'வாழை குலை தள்ளியது.' 'முருங்கை 31 காய், எதிர்வீட்டுக்கு 6.' வருஷா வருஷம் கார்த்திகை பத்து, பன்னிரண்டு தேதியில் தவறாமல் ஒரு தாள்: 'மல்லி கவாத்து.' கடைசியாகக் குத்தியிருந்தது போன ஐப்பசி 3. 'கத்தரிக்கோல் சாணை பிடித்தது, ரூ.40.' அதற்கு அடுத்த வாரம்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கம்பியோடு கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். பேசவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். விடிந்து நான் எழுந்து வந்தபோது, மல்லிக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றியிருந்தது.

ரெண்டு வாரத்தில் கணுவுக்குக் கணு இளம்பச்சைத் துளிர். சித்திரை மூணாவது வாரம் முதல் மொட்டு. போன வியாழக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தோடு நான் போய் நின்றேன். எண்ணிவிட்டேன், பழக்கம் விடுமா... 43. ஜன்னல் வழியாக நீட்டினேன். அம்மா வாங்கிக் கட்டினார். சாமிக்குக் கொஞ்சம், அப்பா படத்துக்குக் கொஞ்சம், என் மகளின் சடைக்குக் கொஞ்சம். ஒரு விரல் நீளம் மிஞ்சியது. அதை என்ன செய்தார் என்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவின் போர்வையை மடிக்கப் போன என் மனைவி, திரும்பி வந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாள். தலையணைக்கு அடியில், பழுப்பேறி, வாசனை மட்டும் போகாமல் இருந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

நவம்பர் கடைசி வாரத்துக்கு மொபைலில் அலாரம் வைத்திருக்கிறேன். தினசரி காலண்டரும் ஒன்று வாங்கி மாட்டியாகிவிட்டது. நேற்றைய தாளைக் கிழித்து, 'மல்லி 61' என்று எழுதிக் கம்பியில் குத்தினேன். கத்தரிக்கோலைத்தான் சாணைக்குக் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் சாணை பிடிக்கிறவர் சைக்கிளை எங்கள் தெருப் பக்கம் காணவில்லை.