உள் சக்கரத்துக்கு என்ன அவசரம்?

ரேசிங் சிமுலேட்டரில் பழைய கார் ஓட்டப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் நடப்பது ஒன்றுதான். 1967-ஆம் வருடத்து லோட்டஸ் 49-ஐ ஆசையாக எடுப்பார்கள். வளைவில் நுழைவார்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொடுவார்கள். அவ்வளவுதான், கார் தட்டாமாலை சுற்றி, வந்த வழியையே பார்த்து நிற்கும். உடனே செட்டப் பக்கத்துக்குப் போய் டயர் காற்றைக் குறைப்பார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். அங்கே ஓரமாக டிஃபரன்ஷியல் என்று ஒரு பகுதி இருக்கும். பவர், கோஸ்ட், ப்ரீலோட் என்று மூன்று எண்கள். அதை மட்டும் தொட மாட்டார்கள். தொட்டாலும் பயத்தில் மூன்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு ஓடி வந்துவிடுவார்கள்.

இறக்கை இல்லாத, ஒல்லி டயர் போட்ட அந்தக் காலத்துக் காரில் முதலில் தொட வேண்டியதே அந்த மூன்று எண்களைத்தான். ஏன் என்று தெரிந்துகொள்ள மோன்சாவுக்கோ மொனாக்கோவுக்கோ போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தில் போடிமெட்டு இருக்கிறது, அது போதும்.

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் ரோட்டில் முந்தல் தாண்டியதும் மலை ஆரம்பம். மேலே போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்த மலையில் அதிகம் ஏறி இறங்கும் வண்டி, மஹிந்திரா ஜீப். அதன் இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 4 அடி. இப்போது ஒரு சின்னக் கணக்கு (பயப்பட வேண்டாம், ஒரே ஒரு பெருக்கல்தான்). முழுசாக யூ அடிக்கும் வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட எவ்வளவு கூடுதலாக ஓட வேண்டும்? 4-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 12.5 அடி. வளைவு அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் இந்த விடை மாறாது என்பதுதான் இதில் வேடிக்கை. ஜீப் டயர் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 7 அடி போகும். ஆக, ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அச்சு சும்மா கிடக்கும், இரண்டு சக்கரமும் தன் தன் போக்கில் சுற்றும். கம்பம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயங்களில் எல்லையில் திரும்பும்போது உள்பக்கத்து மாட்டை இழுத்துப் பிடித்து, வெளிப்பக்கத்து மாட்டை விரட்டுவார்கள். டிஃபரன்ஷியல் செய்யும் வேலை அங்கே சாரதியின் கையில் இருக்கிறது. 2023 முதல் போடிக்கு அகல ரயில் பாதையில் வரும் ரயிலுக்கும் டிஃபரன்ஷியல் இல்லை. அதன் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தியவை. விளிம்பு கொஞ்சம் சாய்வாக இருப்பதால் நீண்ட வளைவுகளைச் சமாளித்துவிடும். ஆனால் போடிமெட்டு வளைவில் அதைத் திருப்ப முடியாது!

அச்சை எஞ்சின் சுற்றுகிறது, வளைவும் குறுகல் என்னும்போதுதான் சிக்கல். அதற்கு பெக்யூர் என்ற பிரெஞ்சு கடிகாரக்காரர் 1827-இல் நீராவி வண்டிக்காக ஒரு பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் கிரவுன், பினியன் என்று கழற்றி வைத்திருக்கிறார்களே, அதன் மூதாதை அதுதான். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம், ஆனால் இழுவிசையை இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும்.

இந்த 'சமமாக' என்ற சொல்லில்தான் வில்லங்கம். ஏலத்தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில் மழை நேரத்தில் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அந்தச் சக்கரம் கிர்ரென்று சும்மா சுற்றும். நல்ல தரையில் நிற்கும் மற்றது அசையாது. சேற்றில் இருப்பது 10 பங்கு இழுவையைத்தான் தாங்கும் என்றால் நல்ல தரையில் இருப்பதற்கும் அதே 10 பங்குதான் கிடைக்கும். இரண்டு பேரில் பலவீனமானவன் எவ்வளவோ, பலசாலிக்கும் அவ்வளவே கூலி. நான்கு சக்கர டிரைவ் இருந்தாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் கதை அதேதான். அப்போது எல்லோரும் இறங்குவார்கள், டயருக்கு அடியில் கல்லும் கட்டையும் போடுவார்கள். விஷயம் தெரிந்த டிரைவர் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுப்பார். சும்மா சுற்றும் சக்கரத்துக்கு பிரேக் ஒரு எதிர்ப்பைக் கொடுக்க, அதே அளவு இழுவை மறுபக்கத்துக்கும் போய்ச் சேரும். தானாக லாக் ஆகும் பின் டிஃபரன்ஷியல் மஹிந்திரா தாரில் வந்தது 2015-இல்தான். அதற்கு முன்பு வரை ஆட்களும் கல்லும்தான் லாக்.

அப்படியென்றால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் என்ன? சேற்றில் பிரமாதம். தார் ரோட்டில், கொண்டை ஊசியில், அந்த 12.5 அடி எங்கே போகும்? ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டேதான் வர வேண்டும். அதுவரை வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள், பின்னால் இரண்டு சக்கரமும் சேர்ந்து "மாட்டேன்" என்கின்றன.

ரேஸ் கார்களின் டிஃபரன்ஷியல் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. இதன் ஆரம்பக் கதையும் சுவாரசியமானதே. 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் காரில் எஞ்சின் டிரைவருக்குப் பின்னால், 16 சிலிண்டர். அந்தச் சக்தியில் வளைவை விட்டு வெளியே வரும்போது உள் சக்கரம் எடையிழந்து சும்மா சுற்றியது. 1935-இல் போர்ஷே இசட்.எஃப். நிறுவனத்திடம் இதற்கு ஒரு வழி செய்யச் சொன்னார். சக்கர வேக வித்தியாசத்தை அனுமதிக்கும், ஆனால் அளவோடு அனுமதிக்கும் 'லிமிடெட் ஸ்லிப்' டிஃபரன்ஷியல் அங்கிருந்து ரேஸுக்குள் வந்தது. அதே கார்களை மலையேற்றப் போட்டிகளுக்கும் கொண்டு போனார்கள், அப்போது பின்னால் இரட்டை டயர் மாட்டுவார்கள். ஹான்ஸ் ஸ்டக் என்பவருக்கு மலை ராஜா என்றே பட்டப்பெயர். நம்ம ஊர் லாரியின் இரட்டை டயரைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, சிமுலேட்டருக்கு வருவோம். பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த கிராண்ட் பிரிக்ஸ் லெஜண்ட்ஸ், 1967 ஃபார்முலா ஒன் சீசனை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தது. பாதிப் பேர் முதல் நாளே வெறுத்து மூடிவைத்த விளையாட்டு அது. அதில் டிஃபரன்ஷியல் அமைப்பு 85/30 என்கிற மாதிரி இரண்டு கோணங்களாக இருக்கும், கூடவே கிளட்ச் தட்டுகளின் எண்ணிக்கை. முதல் எண் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது, இரண்டாவது எண் காலை எடுக்கும்போது.

கோணம் எதற்கு? டிஃபரன்ஷியலுக்குள் ஒரு குறுக்கு ஊசி, இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் விசை வந்ததும் ஊசி அந்தப் பள்ளத்தின் சரிவில் ஏறப் பார்க்கும். சரிவு 30 டிகிரி என்றால் எளிதாக ஏறி, ஆப்பு அடித்த மாதிரி வளையங்களை இரண்டு பக்கமும் விலக்கும். அவை கிளட்ச் தட்டுகளை அழுத்த, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். 85 டிகிரி என்றால் ஏறக்குறைய செங்குத்துச் சுவர். ஏற வழியில்லை, விலக்கமும் இல்லை, பூட்டும் இல்லை. ஆக, எண் சிறிதானால் பூட்டு அதிகம். அசெட்டோ கோர்சா போன்ற பிந்தைய சிமுலேட்டர்களில் இதையே சதவீதமாகக் கொடுத்துவிட்டார்கள், அங்கே எண் பெரிதானால் பூட்டு அதிகம். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் குழம்பும் இடம் இது. கவனம்.

இப்போது அந்த முழு லாக் ஆசாமியின் கதையைப் பார்ப்போம். ஸான்ட்வோர்ட்டில் டார்சன் வளைவு. போடிமெட்டு மாதிரியே திரும்பி வரும் வளைவு, ஆனால் அகலம். (1967 ஜூன் 4 அன்று லோட்டஸ் 49 தன் முதல் ரேஸிலேயே ஜிம் கிளார்க் கையில் ஜெயித்தது இந்தத் தடத்தில்தான்.) அவர் பிரேக் பிடித்து நுழைகிறார். பின் சக்கரங்கள் பூட்டியிருப்பதால் கார் திரும்ப மறுக்கிறது. இன்னும் கொஞ்சம் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். அப்போதும் போதவில்லை. பொறுமை இழந்து ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். எடை சுமார் 500 கிலோ, சக்தி சுமார் 400 குதிரைத்திறன். உள் சக்கரம் மட்டும் சுழன்றிருந்தால் புகையோடு போயிருக்கும், வெளிச் சக்கரம் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டியிருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடியை விடுகின்றன. முன் சக்கரங்களோ முழுசாகத் திரும்பியிருக்கின்றன. சுற்றாமல் என்ன செய்யும்? கார் சுற்றியதற்குக் காரணம் பின்பக்கம் என்று நினைத்து பின் ஸ்பிரிங்கை மாற்றப் போவார். தப்பு ஆரம்பித்தது நுழைவிலேயே, கோஸ்ட் எண்ணில்.

கோஸ்ட் என்றால் வேறொன்றுமில்லை, காலை எடுத்ததும் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கிறதே, அந்த நேரத்துப் பூட்டு. எந்த கியரில் மலை ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வதும் இதே எஞ்சின் பிடியை நம்பித்தான். இந்தப் பிடி பின் சக்கரங்கள் வழியாக வருவதால், பூட்டு குறைவென்றால் நுழைவில் வால் ஆடும், கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். அதிகமென்றால் வால் அடங்கும், மூக்கு திரும்பாது. புதியவர்களுக்கு 85/30 ஒத்துப்போவது இதனால்தான். நுழைவில் அடக்கம், வெளியேறும்போது உள் சக்கரம் கொஞ்சம் வீணாகச் சுற்றினாலும் கார் நேராக நிற்கும். நேரம் கொஞ்சம் போகும், போகட்டும்.

சதவீதக் கணக்கு சிமுலேட்டர் என்றால் பவரை 30, 40-இல் வைத்து, கோஸ்ட்டை 50-ஐ ஒட்டி வைத்து ஆரம்பிக்கலாம். ப்ரீலோட் என்பது எஞ்சின் விசையே இல்லாதபோதும் தட்டுகள் மேல் இருக்கும் அழுத்தம். அதைக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் வளைவின் நடுவே, இரண்டு காலும் சும்மா இருக்கும் அந்த ஒரு விநாடியில் கார் வெளியே நழுவும். பிறகு ஐந்து சுற்றுக்கு ஒரு எண் மட்டும் மாற்றுங்கள். கோஸ்ட்டைத்தான் முதலில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வால் ஆட ஆரம்பித்ததும் ஒரு படி திரும்பி வந்துவிடலாம். அதன் பிறகே பவர். வெளியேறும்போது உள் டயர் மட்டும் சூடாகிறதா? ஒரு படி பூட்டைக் கூட்டுங்கள்.

சாதாரணத் தெருக்கார்களில் இந்த எண்களே இருக்காது. அது சிமுலேட்டரின் குறை இல்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் அம்பாசடரும் ஃபியட்டும் பந்தயம் ஓடின. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அவற்றில் இருந்தது ஜீப்பில் இருக்கும் அதே திறந்த டிஃபரன்ஷியல்தான். அந்த மாதிரிக் காரில் மாற்ற வேண்டியது காலைத்தான். மெதுவாக நுழைந்து, ஸ்டியரிங் நேரான பிறகே மிதிக்க வேண்டும்.

ஏலத்தோட்ட ஜீப்புகள் தினமும் அப்படித்தான் ஓடுகின்றன. கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்துக்குப் போகும். இருட்டும் நேரத்தில் திரும்பும். ஆள் ஏற ஏற எடை பின்னால் போகும். பின் டயருக்குப் பிடி கூடும், முன் டயர் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அளவுக்கு மீறி ஏற்றிய ஜீப்புகள் மலையில் கவிழ்ந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. சிமுலேட்டரில் இதற்குப் பக்கத்தில் வருவது பெட்ரோல் டேங்க் மட்டுமே. முழு டேங்கில் சரியாக இருந்த செட்டப், கடைசிச் சுற்றுகளில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் செட்டப் பார்க்கும்போது பாதி டேங்கில் ஓட்டிப் பாருங்கள். ஜீப்காரர் காலையில் ஒரு எடையில் ஏறுகிறார், சாயங்காலம் களைத்துத் தூங்கும் பத்துப் பதினைந்து பேரோடு, இரண்டாவது கியரில், ஈர ரோட்டில் 17 வளைவையும் இறங்குகிறார்.