காலியாய்க் கிடந்த பெஞ்சு

எங்கள் ஊர் களம்பூர். ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுள் ஒன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தறிச் சத்தத்தில் கண் விழிப்பவர்கள்.

சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்திக்குக் கழுத்தில் நெல்லிக்காயளவு கட்டி ஒன்று எழும்பிற்று. வலி இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வீட்டார் பற்றுப் போட்டார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாதங்கள் ஓடின. இரவில் வியர்த்தது, உடல் இளைத்தது. பிறகே சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். கட்டியைச் சோதித்துப் பார்த்து, நிணநீர்க் கணுவில் உண்டாகும் புற்றுநோய் என்றார்கள்.

செய்தி வந்த மறுநாள் முதல் அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "ஒட்டிக்கொள்ளுமாம்" என்று யாரோ சொல்ல, நாங்களும் நம்பினோம். இதை எழுத இன்றும் வெட்கமாயிருக்கிறது.

அறிவியல் டீச்சர் அதைக் கவனித்தார். எங்களைத் திட்டவில்லை. அந்தப் பெஞ்சிலேயே போய் அமர்ந்து, "புற்றுநோய் தொட்டால் ஒட்டாது" என்று சொல்லிவிட்டு, டாக்டர் வி. சாந்தாவின் கதையைத் தொடங்கினார்.

சாந்தா அம்மையார் 1927இல் சென்னையில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் குடும்பத்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டே சாந்தா, கிடைத்திருந்த அரசுப் பணியை விட்டு அங்கே சேர்ந்தார். மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2021இல் மறையும் வரை நோயாளிகளுக்காகவே உழைத்தார். 2005இல் மகசேசே விருது பெற்றார்.

நிணநீர் அணுக்களில் தோன்றும் இரத்தப் புற்றுநோயால் வாடிய நம் நாட்டுப் பிள்ளைகளில், 1970களில் நூற்றுக்கு 20 பேர்கூடப் பிழைக்கவில்லை. நிணநீர்ப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் இயன் மெக்ராத்துடன் சேர்ந்து அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மூன்றும் 1980களில் ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. மருந்துகளின் அளவும் காலமும் வரையறுக்கப்பட்டன. நான்காண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தனர். தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் விவரித்த நிணநீர்ப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளிலும் இன்று பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்களாம்.

மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

இவ்வாண்டு எங்கள் தோழி தலையில் துணி கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். நாங்கள் அந்தப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அவள் சிரித்தாள், பிறகு மெல்லக் கேட்டாள்: "ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாமேடி?" எங்களிடம் பதிலில்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் எங்கள் அப்பாக்கள் அப்போதே தறியை நிறுத்தி முடிச்சிடுவார்கள். விட்டுவிட்டால் சேலையில் குறை ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டியைக் காட்டுவதில் பெரியவர்கள் தாமதித்தார்கள். கடிதம் எழுதுவதில் நாங்கள் தாமதித்தோம்.

இப்போது அவள் பரிசோதனைக்குச் சென்னை செல்லும் நாட்களில், முறை வைத்து அவளுக்குப் பாடம் எழுதித் தருகிறோம். தங்கைமாரே, கழுத்தில் எழும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் சில வாரங்களில் அது வற்றாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் தோழியின் இடம் காலியாயிருந்தால், அன்றைக்கே அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.