பாக்கியும் காணிக்கையும்

ஆண்டவருக்கு என்று நான் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி என்னுடையது அல்ல. அது ஒரு பனையேறியின் உழைப்புக்கு உரியது. அவர் வந்து கேட்டபோது பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அதே பணத்தைக் கோயிலில் எல்லார் கண்ணும் பார்க்கக் கொடுத்தேன். கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள். பெருமைதான், முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்தேன்.

இதை எங்கள் குருவானவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். தோளில் கை வைத்து ஜெபித்து அனுப்பியிருப்பார். எனக்கு அது மலிவாக முடிந்துபோயிருக்கும். என்மேல் தயவு காட்ட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் கருப்பட்டி வியாபாரி. தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர், உடன்குடி பக்கம். தாத்தா பனையேறி. அப்பா கடை வைத்தார். நான் குடோன் கட்டினேன். எங்கள் திருச்சபையின் சேகரக் கமிட்டியில் பொருளாளராக இருந்தேன். குருவானவர் வராத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வேன்.

பனைத்தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் என் குற்றத்தின் அளவு தெரியும். பங்குனியிலிருந்து ஆடி வரை பதனீர்க் காலம். விடியுமுன்னே மரம் ஏற வேண்டும். சாயங்காலம் பாளையைச் சீவிவிட அதே மரங்களில் மறுபடியும் ஏற வேண்டும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனீர் கள்ளாகிவிடும். இறக்கியதை வைத்திருக்கவும் முடியாது, உடனே காய்ச்ச வேண்டும். அது வீட்டுப் பெண்களின் பாடு. விடிலி என்கிற காய்ச்சும் குடிசைக்குள் புகையில் நின்று பதம் வரும்வரை கிண்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பார்கள். எட்டுப் பத்து லிட்டர் பதனீர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி.

மழை மாதங்களில் வரும்படி கிடையாது. அப்போது என்னைப் போன்றவர்கள் முன்பணம் கொடுப்போம். வாங்கியவர் அடுத்த பருவத்துச் சரக்கை எங்களுக்கே போட வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்கு. எடை போடும்போது ஈரம் இருக்கிறது என்று ஒரு பிடித்தம். முன்பணம் கழிந்து மிஞ்சுவதையும் கையில் கொடுக்காமல், பருவம் முடியட்டும் என்று நிறுத்திவைப்போம். இதெல்லாம் வழக்கம். 'வழக்கம்' என்று எழுதும்போதே தப்பிக்கப் பார்க்கிறேன் என்று தெரிகிறது. தராசு என் கையில் இருந்தது. கணக்கு நோட்டும் என் கையில் இருந்தது. நிறுத்திவைத்தது வழக்கம் அல்ல, நான்.

என் கல்லாவுக்கு மேலே ஒரு வசன அட்டை தொங்கியது. எந்த வேலையையும் மனிதருக்காக அல்ல, ஆண்டவருக்காக என்று மனதோடு செய்யும்படி பவுல் கொலோசெயருக்கு எழுதியது. மூன்றாம் அதிகாரம் 23-ஆம் வசனம். அன்றாட வேலையே ஆராதனை என்று வாலிபர் கூட்டங்களில் அதை வைத்துப் பேசியிருக்கிறேன். அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்று நான் கவனித்ததில்லை. அது வேலைக்காரருக்கு எழுதப்பட்டது. எஜமானுக்கு உள்ளது மூன்று வசனம் தள்ளி, நாலாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது: வேலைக்காரருக்கு நியாயமானதைக் கொடு, உனக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார் என்று. எனக்கு எழுதிய வசனத்தை விட்டுவிட்டு, என்னிடம் சரக்குப் போடுகிறவர்களுக்கு எழுதியதை என் தலைக்கு மேல் மாட்டியிருந்தேன்.

எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகையும் அசனம் என்கிற பொதுவிருந்தும் ஒரே ஞாயிறு. பருவம் முடிந்த கையோடு வரும். வெளியூர்ப் பிள்ளைகள் பாடசாலைக்கு லீவு போட்டாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். காலையில் ஆராதனை. முதற்பலன் என்று அவரவர் கொண்டுவருவதை ஆல்டரைச் சுற்றி வைப்பார்கள். வாழைத்தார், முருங்கைக்காய், தேங்காய், கட்டிய சேவல், முட்டை, பிடி அரிசி, ஓலைப்பெட்டியில் கருப்பட்டி. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டை சில நூறு ரூபாய்க்குப் போகும். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை, இன்றைக்கும்.

பிறகு அசனம். ராத்திரி முழுக்க ஊரே உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கும். அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். பக்கத்து ஊர் இந்துக்கள், முஸ்லிம்கள், வழிப்போக்கர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் இலை உண்டு. கார் வைத்திருப்பவருக்கும் கலயம் சுமப்பவருக்கும் ஒரே பந்தி. இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவோம்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அவர் வந்தார். என்னைவிட இளையவர். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் என்னிடம் வசனம் ஒப்பித்தவர். நான் குடோனில் நன்கொடை ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, மவளுக்கு நர்சிங் எடம் கெடச்சிருக்கு. திங்கக்கெழமக்குள்ள மொதத் தவண கெட்டணும்னு சொல்லுதாவ. நம்ம கணக்குல மிச்சம் கெடக்குல்லா..."

கிடந்தது. 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நோட்டைப் புரட்டாமலே எனக்குத் தெரியும். இழுப்பறையில் பணமும் இருந்தது. காணிக்கைக்கும் ஏலத்துக்கும் என்று எடுத்துவைத்த பணம். போன வருஷம் ஏலத்தில் ஒருவர் என்னை முந்திவிட்டார். டவுனில் கடை வைத்திருப்பவர். இந்த வருஷம் விடக்கூடாது என்று இருந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். ஒரு பெண்ணின் படிப்பு என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"பண்டியல் முடியட்டும்டே. ஆண்டவர் காரியம் மொதல்ல. செவ்வாக்கெழம வா" என்றேன்.

அவர் திங்கட்கிழமை என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டுத்தான் செவ்வாய் என்றேன். திங்கட்கிழமை பண்டிகைக் கணக்கு முடிக்கிற வேலை இருந்தது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் கல்லூரிக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அவர் கெஞ்சவில்லை. "சரி அண்ணாச்சி" என்றார். தன் சொந்தப் பணத்தைக் கேட்க வந்தவர், கடன் கேட்டு வந்தவர் போலத் திரும்பிப் போனார். அப்படி நிற்கப் பழக்கியது நான்.

பணம் தர முடியாது என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட என் பாவம் அந்த அளவோடு நின்றிருக்கும். ஆண்டவர் காரியம் என்றேன். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். தேவனுடைய பெயரை வீணாக எடுக்கக் கூடாது என்ற மூன்றாம் கட்டளையைப் பொய்ச் சத்தியம் செய்கிறவர்களுக்கு உரியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மறுநாள் ஆராதனைக்கு அவர் குடும்பத்தோடு வந்தார். ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி கொண்டுவந்து வைத்தார்கள். ஐந்து கிலோ இருக்கும். பருவத்தின் முதல் காய்ச்சலில் எடுத்து, எனக்கு விற்காமல் ஆண்டவருக்கு என்று தனியாக வைத்திருந்தது. ஏலத்தில் அது வந்தது. டவுன்காரர் ஏற்றினார். நான் ஏற்றினேன். 7,000 ரூபாயில் அவர் விட்டுவிட்டார். என் பெயரை மைக்கில் சொன்னார்கள்.

அதே கை காய்ச்சிய அதே கருப்பட்டிக்குப் பருவம் முழுக்க நான் போட்ட விலை கிலோ 190 ரூபாய். ஐந்து கிலோவுக்கு 950. ஈரப் பிடித்தம் போக இன்னும் குறையும். ஆல்டரில் இருந்தால் ஒரு விலை, அவர் தலையில் இருந்தால் ஒரு விலை. கைதட்டியவர்களில் அவரும் இருந்தார். நான் பார்த்தேன்.

பந்தியில் கறி வாளி தூக்கியது நான்தான். பொருளாளரே பரிமாறுகிறார் என்று சொல்வார்கள். அது எனக்குப் பிடிக்கும். அவர் இலைக்கு வந்தபோது ஒரு கரண்டி கூடப் போட்டேன். துண்டு பார்த்துப் போட்டேன். அதை எழுதத்தான் எனக்கு மிகவும் கூசுகிறது. அந்த ஒரு கரண்டியில் என் மனம் லேசாகிவிட்டது. ஏதோ கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கொரிந்து சபையைப் பவுல் கண்டித்தது அவர்கள் பந்தியில் நடந்துகொண்ட விதத்துக்காக. இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டான், இல்லாதவன் பசியோடு கிடந்தான். எங்கள் பந்தியில் அப்படி இல்லை என்று அந்தப் பகுதி வாசிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். பந்தியில் நான் பாகுபாடு காட்டவில்லை, உண்மை. அதைச் சனிக்கிழமையே குடோன் வாசலில் முடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மறுநாள் என் மனைவிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். திங்கள் காலையில் வீட்டுக்காரியின் கம்மலை அடகு வைத்திருக்கிறார். பாதிப் பணம்தான் தேறியது. அதைக் கொண்டு போய் நாள் கேட்டிருக்கிறார். இடம் அடுத்து இருந்த பெண்ணுக்குப் போய்விட்டது. என் மனைவி வேறொன்றும் சொல்லவில்லை. "பணம் நம்மகிட்ட இருந்துச்சுல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே முழுத் தொகையையும் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை, கடைப் பையனை அனுப்பினேன். வாங்கிக்கொண்டதற்கு நோட்டில் கையெழுத்தும் வாங்கிவரச் சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் தையல். அடுத்த வருஷம் விண்ணப்பம் போடலாம் என்று சொன்னார்கள். அதற்குள் அவள் அனுப்புகிற பணத்தில்தான் தம்பியின் படிப்பு என்று ஆகிவிட்டது. அவர் இப்போது எனக்குச் சரக்குப் போடுவதில்லை. கோயிலில் பார்த்தால் "ஸ்தோத்திரம் அண்ணாச்சி" என்கிறார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். சில மாதம் கழித்துத் தசமபாகம் பற்றிய பிரசங்கம் என் முறைக்கு வந்தது. மல்கியா மூன்றாம் அதிகாரம், பத்தாம் வசனம். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ராத்திரி குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கண் மேலே போனது. ஐந்தாம் வசனம். சூனியக்காரர், விபசாரக்காரர், பொய்யாணை இடுகிறவர் என்று ஒரு பட்டியல். அந்த வரிசையிலேயே, கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்கிறவன். இவர்களுக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வருவேன் என்கிறார் ஆண்டவர். நடுவில் நாலே வசனம். அதே பக்கம். எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காணிக்கை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் பிரசங்க பீடத்தில் ஏறினேன். பத்தாம் வசனத்தை மட்டும் வாசித்தேன். ஐந்தாம் வசனத்தைத் தொடவில்லை. அவர் கீழே உட்கார்ந்திருந்தார். முதல் குற்றத்தைச் செய்தபோது எனக்கு அறிவு கெட்டிருந்தது என்று சொல்லலாம். இதை அறிந்தே செய்தேன்.

அந்தப் பிரசங்கத்தில் அசரியாவைப் பற்றியும் பேசினேன். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். நீங்கள் தானம் செய்தீர்கள், தியாகம் செய்தீர்கள், நட்பு மட்டும் தரவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். எங்கள் ஊர்க் கூட்டங்களில் இதைச் சொன்னால் எல்லாருக்கும் நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. அந்தக் கதையில் நான் எப்போதும் அசரியாவின் பக்கம் நின்றே பேசியிருக்கிறேன். நான் நின்றிருக்க வேண்டிய இடம் எதிர்ப்பக்கம்.

இப்போது ஈரப் பிடித்தம் எடுத்துவிட்டேன். மிச்சத் தொகையை வாரா வாரம் சனிக்கிழமை கொடுத்துவிடுகிறேன். பொருளாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். இதெல்லாம் உங்கள் தீர்ப்பில் எனக்குச் சாதகமாக எழுதப்படக் கூடாது. இதில் எதனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பைசா பயன் இல்லை. மற்றவர்களுக்கு நான் செய்வதும் தயவு அல்ல, அவர்களுடையதை அவர்களுக்குக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்கலாம். அந்தப் பெண்ணின் தகப்பனிடம் விடிலிக்குப் போய்க் கேட்டேன். "விடுங்க அண்ணாச்சி" என்றார். மன்னித்தாரா, பேச்சை முடித்தாரா, தெரியவில்லை. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்திருந்தாள். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் தோழிகளோடு நின்றாள். நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அது கூச்சம் அல்ல, பயம்.