எழுத்தில் வராத உத்தரவு

சென்னை பாரிமுனைப் பக்கம் சுற்றியவர்களுக்கு அரண்மனைக்காரன் தெரு தெரியும். இங்கிலீஷில் அது ஆர்மீனியன் ஸ்ட்ரீட். நான் பிழைக்க வந்த கொல்கத்தாவிலும், படா பஜார் நெரிசலுக்கு நடுவே 1724-ல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. ரெண்டு ஊரிலும் ஆர்மீனியர் என்றால் வியாபாரி என்றுதான் நினைப்பு. அந்த இனத்தில் ஒருத்தர் சோவியத் யூனியனின் மார்ஷல் ஆன கதையைப் படித்துவிட்டு ஒரு மாசமாக அதே யோசனை. இன்றைக்கு ஆபீசில் ஆணி கம்மி. எழுதிவிடுகிறேன். வரலாறு அலர்ஜி உள்ளவர்கள் இப்போதே அப்பீட் ஆகிக்கொள்ளலாம் :)

பெயர் ஹோவ்ஹானஸ் பாக்ராம்யன். ரஷ்யர்களுக்கு இவான் பாக்ராம்யன். பிறந்தது 1897. அப்பா ரயில்வே தொழிலாளி. பூர்வீகம் சர்தாக்லு என்ற ஆர்மீனிய கிராமம். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். பையனும் டிஃப்லிஸில் ரயில்வே தொழில்நுட்பம் படித்தான். முதல் உலகப்போர் வந்ததும் ஜார் மன்னரின் படையில் தானாகவே சேர்ந்தான்.

1918 மே மாதம் ஒட்டோமான் படை யெரெவானை நோக்கி வந்தபோது, சர்தாராபாத்தில் ஆர்மீனியர்கள் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். தோற்றிருந்தால் இன்றைக்கு ஆர்மீனியா என்று ஒரு நாடு இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அந்தப் போரில் பாக்ராம்யனும் இருந்தார். 1920 கடைசியில் நாடு சோவியத் வசம் போனது. அவர் செஞ்சேனைக்கு மாறினார்.

அங்கேதான் வினை. சொந்த ஜனத்தைக் காப்பாற்றப் போரிட்டதே பின்னாளில் அவர் ஃபைலில் கறுப்புப் புள்ளி ஆனது. 1930-களின் களையெடுப்பில் எத்தனையோ தளபதிகள் சுடப்பட்டார்கள். இவர் தப்பித்து, ராணுவ அகாடமியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1940-ல் கீவ் ராணுவ மாவட்டத்துக்கு ஷுகோவ் தளபதியாக வந்தார். 1924-25-ல் லெனின்கிராட் குதிரைப்படைப் பள்ளியில் பாக்ராம்யனோடு ஒன்றாகப் படித்தவர். "படைக்குத் திரும்ப வேண்டும்" என்று இவர் கடிதம் போட, அவர் கூப்பிட்டுக்கொண்டார். நம்ம பாஷையில் ரெஃபரன்ஸ்!

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1941 செப்டம்பர். கீவைச் சுற்றி ஜெர்மன் டாங்கிப் படைகள் வளையத்தை மூடிவிட்டன. தன் அனுமதி இல்லாமல் கீவை விட்டு நகரக் கூடாது என்பது ஸ்டாலின் உத்தரவு. 16-ஆம் தேதி மார்ஷல் திமோஷென்கோ பாக்ராம்யனைக் கூப்பிட்டு, "விமானத்தில் போய் கிர்போனோஸிடம் சொல், பின்வாங்கச் சொல்" என்கிறார். கிர்போனோஸ்தான் அங்கே தளபதி. ஆனால் எழுத்தில் எதுவும் தரவில்லை. வழியில் காகிதம் எதிரி கையில் சிக்கிவிடலாம் என்பது சொன்ன காரணம்.

பாக்ராம்யன் போய்ச் சொன்னார். கிர்போனோஸ் கேட்டது ஒன்றே ஒன்று: எழுத்து எங்கே? மாஸ்கோவிடம் கேட்டு, கீவைவிட்டு வெளியேறலாம் என்று பதில் வந்தபோது 17-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கிவிட்டது. 20-ஆம் தேதி கிர்போனோஸ் செத்துப்போனார். 6 லட்சத்துக்கும் மேல் சிறைபிடித்ததாக ஜெர்மனி அறிவித்தது. முன்னால் போய் வழி திறக்க ஒரு சிறு அணியோடு அனுப்பப்பட்ட பாக்ராம்யன், வளையத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மெயில்ல போடுங்க சார்" என்று தினமும் சொல்லிப் பிழைக்கிற கூட்டம்தானே நாம்? கிர்போனோஸைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்மொழியை நம்பிப் பின்வாங்கினால் அவரைச் சுட்டிருப்பார்கள். நம்பாததால் ஒரு பெரும்படையே போனது. மேலே இருப்பவர்கள் பயத்தை வைத்து வேலை வாங்கினால், கீழே இருப்பவன் எதிரியைவிடக் காகிதத்துக்குத்தான் அதிகம் பயப்படுவான்.

அடுத்த வருஷம் காகிதம் நேராகவே வந்தது. 1942 மே மாதம் கார்கோவில் படுதோல்வி. பழி யார் தலையில்? திமோஷென்கோவும் க்ருஷ்சேவும்கூடப் பொறுப்பு என்றது ஸ்டாலின் கடிதம். ஆனால் உடனே நாற்காலி போனது ஸ்டாஃப் வேலை பார்த்த பாக்ராம்யனுக்கு. மறுபடி கைகொடுத்தவர் ஷுகோவ்தான். ஜூலையில் 16-ஆவது சேனை கிடைத்தது.

அதற்கப்புறம் மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை. 1943 ஜூலையில் ஓர்யோல் தாக்குதல். நவம்பரில் முதல் பால்டிக் போர்முனைக்கே தளபதி. 1944 அக்டோபர் 5-ஆம் தேதி மேமல் திசையில் தாக்கத் தொடங்கி, ஐந்தே நாளில் கடலைத் தொட்டார். ஜெர்மனியின் வடக்குப் படை மொத்தமும் கூர்லாந்தில் துண்டிக்கப்பட்டது. (1944-ன் புகழ்பெற்ற 'பாக்ரதியோன்' தாக்குதல் இவர் பெயரில் வைத்ததில்லை. அது 1812-ல் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டு இறந்த தளபதியின் பெயர்.) 1955-ல் மார்ஷல் ஆனார். 1982-ல் இறந்தார். அஸ்தி கிரெம்ளின் சுவரில். இன்றைக்கு யெரெவானில் ஆர்மீனிய நாடாளுமன்றம் இருப்பது பாக்ராம்யன் அவென்யூவில்தான்.

சரி, சர்தாக்லு? கவச வாகனப் படையின் தலைமை மார்ஷல் பபஜான்யனும் அந்த ஊர்க்காரர்தான். ஒரே மலைக் கிராமம் ரெண்டு மார்ஷல்களைக் கொடுத்தது. ஊர் இருந்தது சோவியத் அஜர்பைஜானில். 1987 கடைசியில் அங்கே தகராறு தொடங்கியது. அடுத்த வருஷத்திலிருந்து ஆர்மீனியர்கள் ஊரைவிட்டே விரட்டப்பட்டார்கள். அதே காலத்தில் ஆர்மீனியாவிலிருந்து அஜர்பைஜானியர்களும் அப்படித்தான் துரத்தப்பட்டார்கள். இப்போது ஊருக்குப் பெயரும் வேறு.

நாட்டுக்காக இவ்வளவு செய்த மனுஷனின் ஊரை அந்த நாட்டால் காப்பாற்ற முடியவில்லை. அவர் போய் ஆறே வருஷம்தான். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, ஊர் எங்கே போய்விடப் போகிறது, ரிடையர் ஆனதும் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிற எனக்கு, கீவ் கதையைவிட இதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. நாம் திரும்பும்வரை ஊர் இருக்கும் என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை.