எட்டடிக் காகிதக் கோபுரம்

"செய்தித்தாள் இருபது, செலோ டேப் ஒன்று, நேரம் ஒரு மணி. கோபுரம் தன் காலிலேயே நிற்க வேண்டும். சுவரிலும் ஒட்டக்கூடாது, தரையிலும் ஒட்டக்கூடாது. மின்விசிறியைப் போட்ட பிறகு ஒரு நிமிடம் நின்றால்தான் அளப்போம்."

அறிவியல் மன்ற விழாப் போட்டியைப் பற்றிச் சிஸ்டர் இப்படி அறிவித்தபோது வகுப்பே சிரித்தது. முறுக்குப் பொட்டலம் கட்டுகிற தாளில் கோபுரமா?

நாங்கள் ஐந்து பேர் ஓர் அணியானோம். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஆளுக்கொரு யோசனை, யோசனைக்கொரு சண்டை! முதல் நாள் மதிய இடைவேளையில் தாள்களைப் பட்டையாக மடித்து, நாற்காலிபோல நான்கு கால் வைத்து நிறுத்தினோம். இடுப்பு உயரம் வருமுன்பே அது கோணிக்கொண்டு படுத்துவிட்டது. மறுநாள் உச்சி வரைக்கும் டேப்பைத் தாராளமாகச் சுற்றினோம். மேலே பாரம் ஏறியதுதான் மிச்சம். முன்னைவிட வேகமாக விழுந்தது.

எங்கள் பௌதிக டீச்சர் நான்கு குச்சிகளை நூலால் கட்டிச் சதுரமாகப் பிடித்துக் காட்டினார். ஒரு மூலையை லேசாகத் தள்ளினால் போதும், சதுரம் சாய்ந்துவிடுகிறது. மூன்று குச்சியைக் கட்டித் தள்ளினால் அசையவே இல்லை. பாரிசில் 1889-இல் எழுந்த 300 மீட்டர் ஈபிள் கோபுரத்தின் படத்தை அதன் பிறகுதான் நாங்கள் சரியாகப் பார்த்தோம். எங்கே கண்ணை வைத்தாலும் முக்கோணம்! இன்னொன்றும் சொன்னார். ஒரே பருமனுள்ள கம்பை இரு மடங்கு நீளமாக்கினால், வளையாமல் அது தாங்குகிற சுமை பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறைந்துவிடுமாம். ஆய்லர் என்ற கணித மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னது. ஆகவே நெட்டைக் கால் ஆகாது. குட்டைக் குழல்களை முக்கோணமாகக் கட்டி, அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும்.

குழல் சுற்றுவதில்தான் வந்தது வினை. நாங்கள் சுற்றியவை எல்லாம் நடுவில் உப்பி, கையை எடுத்ததும் அவிழ்ந்தன. எங்களில் ஒருத்தி மட்டும் அதிகம் பேசமாட்டாள். அவள் ஒரு தாளை எடுத்து, விளிம்பிலிருந்து சுற்றாமல் மூலையிலிருந்து சுற்றினாள். நான்கே வினாடியில் மூன்றடி நீளத்துக்கு, விரல் பருமனில், பிரம்பு போல ஒரு குழல்! நாங்கள் வாயடைத்துப் போனோம்.

அப்போது எங்களில் இன்னொருத்தி, "அதானே, பீடி சுத்துற வீட்டுக் கையில்லா!" என்றாள். மற்றவர்கள் சிரித்தோம். சொன்னது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. சிரித்தவர்களுக்கும் அதில் சமபங்கு உண்டு.

அவள் குழலைக் கீழே வைத்தாள். அன்று மாலை பயிற்சிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வகுப்பில் இருந்தாள், எங்கள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. போட்டிக்கோ ஒன்பது நாள்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் எங்களைக் கவலைப்படுத்தியது கோபுரம்தான். அவள் அல்ல. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து நால்வரும் அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். "உள்ள வாங்க மக்கா! ஏட்டி, யாரு வந்திருக்கான்னு பாரு. காப்பி போடு" என்றார்கள். மகள் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை என்று எங்களுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அது இன்னும் சுட்டது.

அந்த விரல்கள் எங்களைப் பார்த்துப் பேசும்போதும் நிற்கவில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலியாம். தளர்ந்து போனதைக் கழித்துவிடுவார்களாம். "இவளைத் தொடக்கூடாதுன்னுதான் சொல்லிருக்கேன், படிக்கிற பிள்ளை. பாத்துப் பாத்தே படிச்சிருக்கா போல" என்றார்கள். கோபுரக் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு தாளை வாங்கிச் சுற்றிக் காட்டினார்கள். "முதல் சுத்துதான் மக்கா. அது தளந்துட்டா, கடைசியில எம்புட்டு இறுக்கினாலும் நிக்காது."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு தொண்டையிலேயே நின்றது. கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். தெருமுனை வரை அவள் கூட வந்தாள். அங்கேதான் ஒருவழியாகச் சொன்னோம். "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குப் பழைய குடைக்கம்பி கொண்டு வாங்க. அதை உள்ளே வச்சுச் சுத்தினா கோணாது" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை.

போட்டியன்று இருபது குழலையும் அவளும், அவளிடம் கற்றுக்கொண்ட ஒருத்தியுமாகச் சுற்றினார்கள். மற்ற மூவரும் கட்டினோம். அடி அடுக்குக்கு ஒன்பது, அதன்மேல் ஆறு, உச்சிக் கம்பத்துக்கு மூன்று, குறுக்குத் தாங்கலுக்கு இரண்டு. உச்சியில் டேப்பை அளந்து அளந்துதான் ஒட்டினோம். பட்டபாடு போதாதா! மின்விசிறி சுழன்றதும் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, ஆடி, நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் மனத்துக்குள் எத்தனை அருள் நிறைந்த மரியே சொன்னோமோ தெரியாது. 8 அடி 4 அங்குலம்! அடுத்த பிரிவு மாணவியர் 8 அடி 9 அங்குலம் கட்டி முதல் பரிசைத் தட்டிச் சென்றார்கள். எங்களுக்கு இரண்டாமிடம்.

பரிசு வழங்கும்போது சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார்கள். ஜப்பானில் கோபே நகரை 1995 ஜனவரி 17-ஆம் நாள் நிலநடுக்கம் உலுக்கியபோது, தகத்தோரி என்னும் இடத்துக் கத்தோலிக்க ஆலயம் தீக்கிரையானது. ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர், தொண்டர்களைக் கொண்டு, 58 காகிதக் குழல்களைத் தூண்களாக நிறுத்தி அங்கே ஓர் ஆலயம் எழுப்பினார். தூண் ஒவ்வொன்றும் 5 மீட்டர் உயரம். அந்தக் காகித ஆலயம் பத்தாண்டு நின்றது. 2005-இல் பிரித்தெடுத்துத் தைவானுக்குக் கொடுத்தார்கள். 1999-இல் நிலநடுக்கம் கண்ட பகுதியில் அது மீண்டும் எழுந்து நிற்கிறது.

பிறகு எங்கள் குழல் ஒன்றைக் கையில் வாங்கி, "இவ்வளவு இறுக்கமாய்ச் சுற்றியது யார், பிள்ளைகளே?" என்று கேட்டார்கள். "நாங்கதான்" என்று சொல்ல நாங்கள் வாய் திறப்பதற்குள் அவள் முன்னே வந்தாள். "எங்க அம்மா சொல்லிக் கொடுத்தாங்க, சிஸ்டர். அம்மா பீடி சுத்துறாங்க." மண்டபம் முழுக்கக் கேட்டது.

இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறோம். "என் பேரு வேண்டாம். பீடின்னு எழுதினதை மாத்தாதீங்க" என்றாள்.

கோபுரம் ஆய்வுக்கூடத்து மூலையில் ஐப்பசி வரை நின்றது. மழை ஈரம் ஏற ஏற, கால்கள் நமுத்து வளைந்தன. ஒரு காலையில் வந்து பார்த்தபோது மண்டியிட்டுக் கிடந்தது. பழைய பேப்பர்காரரிடம் போட்டோம். எட்டடிக் கோபுரம் அரைக் கிலோ கூடத் தேறவில்லை. விறைப்புக் குறையாத ஒரு குழலை மட்டும் அவள் எடுத்துப் புத்தகப் பையில் செருகிக்கொண்டாள், அம்மாவிடம் காட்டுவதற்கு.

— பத்தாம் வகுப்பு மாணவியர்