குளிரில் வளையாத அரிவாள்

நீலகிரியில் 31 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு ரிப்போர்ட்டை நினைத்தால் இப்போதும் அவருக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. இருளர் பெண் ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 8. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை, மூட்டு வலிக்குத் தனி மாத்திரை. ரத்தத்தை ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் ஒருவருமில்லை. “மெஷின்ல எல்லாம் வந்துடுச்சு சார்” என்றான் புதுப் பையன்.

மெஷினில் எம்.சி.வி. வரும், ஆர்.டி.டபிள்யூ. வரும். அரிவாளாய் வளைந்த செல் வராது.

லேமனும் கட்புஷும் இந்த மலைப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல்லைக் கண்டு எழுதியது 1952-இல். அந்த மலையிலேயே அதைத் தேட மறந்துபோவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே மாத்திரை என்றால் அந்தக் கூட்டத்தில் இவள் காணாமல்தான் போவாள்.

அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மூத்த டெக்னீஷியன். அரிவாள் செல் சோதனைக்கான மெட்டாபைசல்பைட் கரைசலைத் தினமும் காலையில் புதிதாகக் கலக்கச் சொல்வார். நேற்றைய மிச்சத்தைக் கண்டால் வாஷ்பேசினில் கொட்டிவிடுவார். பழைய கரைசல் ஆக்சிஜனை இழுக்காது. அரிவாள் இருந்தும் நெகட்டிவ் என்று வந்துவிடும். ஒரு சொட்டு ரத்தம், கரைசல், கவர் ஸ்லிப், சுற்றிலும் வாஸ்லைன். ஊட்டிக் குளிரில் அதை மேஜையில் வைத்தால் செல் லேசில் வளையாது. 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, அரை மணி கழித்து ஒரு தடவை, பிறகு மறுபடியும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒருமுறை இவர் அவசரத்தில் முதல் பார்வையிலேயே நெகட்டிவ் எழுதிவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மாலையில் அதே ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து இவரைக் கூப்பிட்டார். பார்வை வட்டம் முழுக்கப் பிறைகள்.

2023-இல் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் முகாமில் செய்யும் சாலுபிலிட்டி டெஸ்ட், ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போனால் ஏமாற்றிவிடும். அப்போது ரத்தத்தை இரட்டிப்பாக விட வேண்டும். இதை முகாமில் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் ஸ்லைடை அவரே போட்டார். பாசிட்டிவ். கேரியரா, நோயா என்று பிரித்தறிய எலெக்ட்ரோபோரெசிஸுக்கு அனுப்பினார், நோய்தான். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் சோதனைக்கு வரவழைத்தார்.

போன மாதம் பழைய லேபுக்குப் போயிருந்தார். இன்குபேட்டரின் பிளக் பிடுங்கிக் கிடந்தது.