அப்பாவின் கியர்பாக்ஸும் ஒரு பச்சை மூடியும்

ரொம்ப நாளாச்சு மக்கா இந்தக் கடைப்பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்கிறது பாதி உண்மை. மீதி பாதி, அப்பா.

போன ஆவணியில அப்பாவுக்கு ஸ்ட்ரோக். இடது கையும் காலும் இழுத்துக்கிச்சு. பேச்சுக்கு ஒண்ணும் ஆகல. (ஆகியிருந்தா வீடாவது அமைதியா இருந்திருக்கும்னு அம்மா சொல்லுவாங்க. சொல்லிட்டு அவங்களே அழுவாங்க.) முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். கால் மூணு மாசத்துல ஓரளவு தேறிருச்சு. கை மட்டும் மடியிலயே கெடந்துச்சு.

வாரம் ரெண்டு நாள் வர்ற ஃபிசியோதெரபி அக்கா குடுத்த பயிற்சி ரொம்ப சிம்பிள். மேஜை மேல துண்ட மடிச்சுப் போட்டு, அதுல இடது கைய வச்சு முன்னாடி தள்ளணும், பின்னாடி இழுக்கணும். தினமும் நூறு தடவை. அப்பா நாலு தடவை தள்ளுவார். "மேஜை தொடைக்கவா நான் பொறந்தேன்"னு வலது கையால துண்ட உதறி தோள்ல போட்டுக்குவார். அவ்ளோதான் அன்னிக்கு.

நான் வீட்ல இருந்து பொட்டி தட்டிக்கிட்டு இதையே பாத்துட்டு இருந்தேன். ஒருநாள் திடீர்னு உறைச்சது. நம்ம ஊர் பஸ்ல கியர் இடது கைல! மேஜை மேல முன்னாடி தள்ளி பின்னாடி இழுக்கிறதுதானே கியர் போடுறதும்?

காலேஜ் காலத்து வெப்கேம் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அதை பரண் விளிம்புலயே சணல் கட்டி, மேஜையப் பாத்துத் தொங்க விட்டேன். முதல்ல செஞ்சது, எல்லாரும் முதல்ல செய்யுற அதே வேலை. இந்த ஃபிரேமையும் முந்தின ஃபிரேமையும் கழிச்சு, எந்தப் புள்ளியெல்லாம் மாறியிருக்குன்னு பாக்குறது. மாறின இடம்தான் அசைவு. பத்து வரி கோடு. ஓட விட்டா மேஜை முழுக்க அசையுது! அப்பா கைய எடுத்த பிறகும் அசையுது. பாத்தா ஃபேனோட நிழல். கோவில்பட்டி வெயில்ல ஃபேன நிறுத்திட்டு பயிற்சி செய்யச் சொன்னா கேமரா உடையும்.

சரின்னு நிறத்துக்குத் தாவினேன். கலர் பாத்துத் துரத்துறது பழைய வித்தை. ஓப்பன்சிவியை ஆரம்பிச்ச கேரி பிராட்ஸ்கி 1998-லயே இப்படி முகத்தைத் துரத்தி, தலைய ஆட்டியே குவேக் 2 விளையாட முடியும்னு ஒரு கட்டுரை எழுதியிருக்கார். கையில ஒரு கலர் மூடிய ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிட்டா போதும். 640-க்கு 480, மொத்தம் 3,07,200 புள்ளி. அதுல மூடி நிறத்துல இருக்கிற பெரிய திட்டு எதுன்னு தேடி, அந்தப் புள்ளிகளோட சராசரிய எடுத்தா கை இருக்கிற இடம். விநாடிக்கு 30 தடவை இதே கணக்கு.

சொல்றது ஈஸி. சிவப்பு மூடி போட்டேன். நிற வட்டத்துல சிவப்பு ரெண்டு முனையிலயும் உக்காந்திருக்கு, 0 பக்கம் கொஞ்சம், 179 பக்கம் கொஞ்சம். (வட்டம் 360 டிகிரி, 8 பிட்டுல அடங்காதுன்னு ஓப்பன்சிவி பாதியாக்கி வச்சிருக்கும்.) ஆரஞ்சு போட்டா தோல் நிறமும் அதே ஏரியா, முழங்கையே மூடி ஆயிருச்சு. நீலம் போட்டேன், அப்பாவோட கட்டம் போட்ட லுங்கி தனியா கியர் போட ஆரம்பிச்சிருச்சு :-) கடைசியா கிளிப்பச்சை. அதுலயும் அம்மா காப்பி குடுக்க வெள்ளைச் சேலையோட குனிஞ்சா கேமரா தானா வெளிச்சத்தையும் நிறத்தையும் மாத்திக்கும், பச்சை காணாமப் போயிரும். அந்த ஆட்டோ சமாச்சாரங்கள அணைச்ச பிறகுதான் ஒழுங்கா வேலை செஞ்சுது.

மீடியாபைப் கையில 21 புள்ளி காட்டுமே, எதுக்குடா இந்தப் பாடுன்னு நண்பன் கேட்டான். மடங்கின விரலும் துண்டும் சேந்தா அந்தப் புள்ளியெல்லாம் பேயாட்டம் ஆடுது. மூடி ஆடல.

ஸ்கிரீன்ல ஒரு ரோடு, ஒரு பஸ். 1, 3, 5 முன்னாடி. 2, 4 பின்னாடி. நான் செஞ்ச ஒரே திருட்டுத்தனம், 5-ஐ நிஜத்தவிட ரொம்ப தூரத்துல வச்சது. அப்பா முதல் நாளே கண்டுபிடிச்சு, "எவன்டே இந்த வண்டிய பாடி கட்டினது"ன்னார். ஆனா நாப்பது நிமிஷம் ஓட்டினார். ரெண்டே வாரத்துல அஞ்சாவது கியர்! நான் கிராஃப் போட்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல அனுப்பி, சித்தப்பா எல்லாம் கைதட்டி...

ஃபிசியோ அக்கா அஞ்சு நிமிஷம் பாத்தாங்க. "தம்பி, அவர் இடுப்புல இருந்து குனியிறார். கை எங்க நீளுது?" அப்பா தோள நாற்காலியோட சேத்துப் பிடிச்சு, இப்ப போடுங்கன்னாங்க. ஒண்ணாவது கியர் விழுந்துச்சு. மூணுக்குப் போகல. நான் ரெண்டு வாரமா பெருமையா அளந்தது அவரோட இடுப்ப.

அன்னிக்கு ராத்திரி தோளுக்கும் ஒரு மூடி, ரோஸ் கலர்ல. தோள் 40 பிக்சலுக்கு மேல நகந்தா கியர் விழாதுன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிய எழுத எனக்கு மனசே வரல. மறுநாள் அப்பா மூணு தரம் தள்ளிப் பாத்தார். பஸ் நகரல. "கியர்பாக்ஸ கெடுத்துட்டியேடே"ன்னு மெதுவா சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். திட்டியிருந்தாக்கூடத் தேவல. நாலு நாள் மேஜைப் பக்கமே வரல. அந்த வரிய எடுத்துரலாமான்னு ரெண்டு தடவை ஃபைலத் திறந்து மூடினேன்.

அஞ்சாம் நாள் வேற எதுக்கோ லாக் ஃபைலப் பாத்தேன். புரோகிராம நிறுத்த மறந்திருக்கேன், லேப்டாப் ராத்திரி பூரா ஓடியிருக்கு. காலைல 4:52-ல இருந்து வரிசையா பதிவு. 3-க்கு பதினேழு முயற்சி. பதினாறு விழல. பதினேழாவது விழுந்திருக்கு. தோள் நகர்வு 22 பிக்சல்.

நான் எதுவும் கேட்டுக்கல. காப்பி குடிச்சுக்கிட்டே அவரே சொன்னார்: "அந்த டியூப்லைட்ட மாத்துடே. விடிகாலைல பச்சை தெரியவே மாட்டேங்குது."

இப்ப நாலு வரைக்கும் வந்திருக்கார். அஞ்சு இன்னும் விழல. தூரத்தக் குறைக்கட்டுமான்னு கேட்டேன், வேண்டாமாம்.